பின்னே என்றால் பின்னால் அல்ல

திருவனந்தபுரத்தில் குழாய் பழுதுபார்ப்பவரிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்டால், “பின்னே வராம், சாரே” என்பார். வந்த புதிதில் நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மலையாளத்துப் ‘பின்னே’க்கு ‘அப்புறம்’ என்று பொருளாம். எந்த அப்புறம் என்று கேட்டால் சிரிப்பார்கள். நானும் அரசாங்க அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவன்தான், தள்ளிப்போடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் அதற்கு ‘நிலுவை’ என்று பெயர் சூட்டி, நாடா கட்டி, அலமாரியில் வைப்போம். இங்கே அது காற்றில் அலைகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து மகள் உமாவோடு இந்நகரை அடுத்த கழக்கூட்டம் என்ற ஊருக்கு வந்தவன் நான். அவளுக்கு இங்கே மென்பொருள் வேலை. கடல் தாண்டினால்தான் புலம்பெயர்வு என்று ஊரில் நினைக்கிறார்கள். ரயிலில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடும் ஊரில் என்ன அந்நியம் என்கிறார்கள். முழுவதும் புரியாத மொழி இருக்கும் நாட்டில் ஆள் எச்சரிக்கையாக இருப்பான். பாதி புரியும் மொழிதான் காலை வாரும். என் விஷயத்தில் அது காலுறையையே வாரியது.

விரல்கள் விறைக்கின்றன என்று போனபோது மருத்துவர் பின்னல் வேலை செய்யச் சொன்னார். எதிர்வீட்டு ஏலியம்மா, சிம்லாவில் ஆஸ்பத்திரி மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தார். நான் அவரை சிஸ்டர் என்பேன், அவர் என்னைச் சாரே என்பார். ஊசியைப் பிடிக்கும்போது அவருக்கு இந்தி வந்துவிடும். ‘சீதா’ என்றால் நேர்க்கண்ணி, ‘உல்ட்டா’ என்றால் எதிர்க்கண்ணி. மார்ச் மாதப் புழுக்கத்தில், வியர்வையில் நூல் விரலோடு ஒட்ட, இந்தியில் திட்டு வாங்கிச் சாதாரணக் காலுறை பின்னக் கற்றேன்.

அப்போது உமாவுக்கு நார்வேக்கு மாற்றல் வந்தது. “அப்பா, எனக்கு ஒரு ஜோடி வேணும். சும்மா ப்ளெயின் வேண்டாம். கயிறு முறுக்கின மாதிரி மேல ஓடுமே, அது வேணும்” என்றாள். தான் போன பிறகும் இந்த ஃப்ளாட்டிலேயே இருக்கும்படியும் சொன்னாள். காலுறைக்குச் சம்மதித்தேன், ஃப்ளாட்டுக்கு மறுத்தேன். அவள் விமானம் ஏறியதும் ஊருக்கு ரயில் ஏறுவதாகத் தம்பிக்குச் சொல்லியாகிவிட்டது. அவனும் வீட்டைத் திறந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டான்.

முறுக்குப் பின்னல் அடிப்படையில் ஒரு வரிசை மீறல். மூன்று கண்ணிகளை நடுவில் வளைந்த ஒரு சிறு ஊசிக்கு மாற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்ன வேண்டும். அதன் பிறகுதான் காத்திருந்தவற்றின் முறை. அந்தச் சிறு ஊசியைப் பின்பக்கம் நிறுத்தினால் கயிறு வலப்புறம் சாயும், முன்பக்கம் நிறுத்தினால் இடப்புறம். “புறகில், புறகில்” என்று சிஸ்டர் முதல் காலுறைக்குப் பின்பக்கம் காட்டினார். குதிகாலில் இன்னொரு கூத்து. வரிசை முடியும் முன்பே பாதியில் திரும்ப வேண்டும். பாதியில் திரும்பிய கோப்பு எதுவும் எங்கள் அலுவலகத்தில் உருப்பட்டதில்லை. குதிகால் உருப்பட்டது.

இரண்டாம் காலுறையில் முதல் முறுக்குக்கு வந்த அன்று, சிஸ்டர் பையோடு வாசலில் நின்றார். வித்துராவில் தங்கை வீட்டுக்குப் பயணம், கீழே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஊசியோடு ஓடினேன்.

“சிஸ்டர், இத முன்னால வைக்கவா, பின்னால வைக்கவா?”

“அது பின்னே, சாரே, பின்னே!” என்றபடி லிஃப்டுக்குள் போய்விட்டார்.

குழாய்க்காரர் வாயில் அந்தச் சொல் காலத்தைக் குறிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்னாலா பின்னாலா என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் அது இடத்தைத்தானே குறிக்க வேண்டும்? முதல் காலுறைக்கும் பின்பக்கம், இதற்கும் பின்பக்கமா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. மேலிடம் வாய்மொழியாக உத்தரவிட்ட பிறகு சந்தேகப்படுவது முறையல்ல. கணுக்கால்வரை பின்பக்கமே நிறுத்திப் பின்னி, விரல்முனையைத் தைத்து மூடினேன்.

உமா கிளம்புவதற்கு முந்தின நாள் சிஸ்டர் திரும்பி வந்தார். உமா இரண்டையும் மாட்டிக்கொண்டு சோபாவில் காலை நீட்டினாள். சிஸ்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“எந்தா சாரே இது! ரெண்டும் ஒரே வசத்தோட்டாணல்லோ!” இரண்டு கயிறும் வலப்பக்கமே சாய்ந்திருந்தன; ஜோடி என்றால் ஒன்று வலமும் மற்றது இடமும் சாய வேண்டுமாம்.

“நீங்கதானே பின்னேன்னு சொன்னீங்க?”

“ஞான் பின்னே பறஞ்ஞு தராம்னல்லே பறஞ்ஞது! ஓட்டோ நிக்குவல்லே அவிடே!” அப்புறம் சொல்லித் தருகிறேன் என்றுதான் அன்று சொன்னாராம்.

“முன்னாலயா பின்னாலயான்னு தமிழ்ல தெளிவாக் கேட்டேனே.”

“எனிக்கு தமிழ் அறியுமோ? சாருக்கு மலையாளம் அறியுமோ? நல்ல ஜோடி!” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிப்பதற்கு நேரமும் இல்லை.

“சாரமில்லப்பா” என்றாள் உமா. தமிழில் அது சத்து இல்லை என்றாகும், இங்கே பரவாயில்லை என்று பொருள். “பூட்ஸுக்குள்ள யாரு குனிஞ்சு பாக்கப் போறா?”

“நான் பாக்கப்போறேன். குறையுள்ள ஜோடிய அனுப்பிட்டு நான் எங்கயும் போக முடியாது. மூணாவது ஒண்ணு பின்னி அனுப்புறேன்.”

அவள் காலுறைகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறகு ஃப்ளாட் சாவியை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் விமான நிலையத்துக்கு இரண்டு வலச்சாய்வுகளையும் மாட்டிக்கொண்டே போனாள்.

மூன்றாம் காலுறைக்கு அதே சாம்பல் நிற நூல் திருவனந்தபுரத்துச் ‘சாலை’ கடைத்தெருவில் கிடைக்கவில்லை. சிஸ்டர் சிம்லாவில் இருக்கும் தோழிக்குச் சொல்லி வரவழைத்தார். அதற்குள் மழை தொடங்கிவிட்டது. இன்று காலை தம்பி தொலைபேசியில், “அண்ணே, தொட்டித் தண்ணி பாசி பிடிக்குது. எப்ப வாறீய?” என்றான்.

“பின்னே” என்றேன்.

“பின்னேன்னா?” என்றான். தமிழில் விளக்க முயன்றேன், வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து சிஸ்டர் “சாரே, மும்பில் வெச்சோ, மும்பில்!” என்று கத்திக்கொண்டிருந்தார். மடியில், வளைந்த சிறு ஊசியில் மூன்று கண்ணிகள் இம்முறை முன்பக்கம் தொங்கின, நழுவாமல், பின்னப்படாமல்.