துவைக்காமல் வெட்டிய சம்பளம்

கணக்கில் பணம் இருக்கும்போதே ஒருவரிடம் பணம் இல்லாமல் இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியை என் அத்தை என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் படித்து, பாஸும் ஆகி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள். அன்று ஒன்றாம் தேதி. அத்தை ஏடிஎம் துப்பிய துண்டுச் சீட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"இவ்வளவு இருக்குன்னு எழுதியிருக்கு பாரு. உங்க மாமா என்னடான்னா என்னைப் பார்த்து, 'உன்கிட்ட பணமே இல்லை'ங்கறார். மெஷின் பொய் சொல்லுதா, மாமா பொய் சொல்றாரா?"

"மாமாதான்" என்றேன்.

அது தப்பான பதில். எப்படித் தப்பு என்று சொல்ல வேண்டுமானால் அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அத்தையை எல்லோரும் முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திவாலான பிறகும் அப்படித்தான். சிலர் மரியாதைக்கு, பலர் குத்திக்காட்ட. அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான். யார் கூப்பிட்டாலும் கம்பீரமாகத் திரும்பிப் பார்ப்பாள். அவள் ஒரு திரைச்சீலைக் கடை வைத்திருந்தாள். காசோலையில் அவள் போடும் கையெழுத்தின் வால், தாளின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். யார் வந்து கை நீட்டினாலும் அந்த வால் ஆடும். 'இல்லை' என்ற சொல்லை அவள் கடைக்குள் விட்டதே கிடையாது.

ஒருநாள் ஒரு பெரிய விடுதிக்காரர் தன் எல்லா அறைகளுக்கும் திரைச்சீலை வேண்டும் என்றார். அத்தை கடன் வாங்கித் துணி எடுத்தாள். அந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். அதனால் முதலில் துவைத்து, காயவைத்து, அப்புறம்தான் அளந்து வெட்ட வேண்டும். இதை மறந்த தையல்காரப் பெண்களை அத்தை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். ஆனால் விடுதிக்காரர் அவசரப்படுத்தினார். வெளியே மழை விடுவதாக இல்லை. "இந்தத் துணி சுருங்காது, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது" என்று துணிக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு, மொத்தத்தையும் துவைக்காமல் வெட்டிவிட்டாள்.

மாட்டியபோது அரண்மனை மாதிரி இருந்ததாம். பிறகு விடுதியில் சலவைக்குப் போட்டார்கள். திரும்பி வந்த திரைச்சீலைகள் ஜன்னலின் முக்கால் தூரத்தில் நின்றுவிட்டன. அரைக்கால் சட்டை போட்ட ஜன்னல்கள். குளித்துவிட்டு வந்த ஒரு விருந்தாளி, எதிர்க் கட்டடத்து அலுவலகம் முழுவதற்கும் தரிசனம் தந்தார். விடுதிக்காரர் பாக்கிப் பணத்தைத் தர மறுத்தார். கடன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நீதிமன்றம் அத்தை திவால் என்று அறிவித்தது.

தையல் மெஷின்கள் போயின, வீடு போயிற்று. அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அறை அவர்களுக்கு, கூடம் எனக்கு. மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அத்தையின் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்ததால் அவர் சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதி சாப்பாட்டுக்கே சரியாக இருக்கும். அத்தை வேறொருவரின் திரைச்சீலைப் பட்டறையில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். சம்பளத்தை வங்கியில்தான் போடுவோம் என்றார்கள். திவாலானவர்களுக்குக் கிடைக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் தொடங்க நானும் துணைக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் அத்தை கேட்டாள். "செக் புக் எப்பம்மா வரும்?"

"இந்தக் கணக்குக்கு செக் புக் கிடையாது மேடம்."

"சரி, கொஞ்சம் கூடுதலா எடுத்துட்டு அப்புறம் கட்டலாமா?"

"அதுவும் கிடையாது."

"கடன் அட்டை?"

"கிடையாது மேடம்."

"அப்ப இதுல என்னதான்மா உண்டு?"

"நீங்க போட்ட பணம் உண்டு."

அத்தை வழி முழுக்கப் புலம்பினாள். "நான் போட்டதை நானே எடுக்கறதுக்கு எதுக்குடி ஒரு பேங்க்? தலையணை போதாதா?"

அடுத்து வீடு. எங்கள் வீட்டில் இனியும் இருந்தால் தன் தம்பியின், அதாவது என் அப்பாவின், குறட்டையாலேயே உயிர் போய்விடும் என்பது அத்தையின் வாதம். அப்பாவின் வாதமும் அதேதான், குறட்டை விடும் ஆள் மட்டும் வேறு. உண்மை என்னவென்றால், அத்தைக்குத் தன் பெயரில் ஒரு கதவு வேண்டும். சாவி தன் இடுப்பில் இருக்க வேண்டும். தேடித் தேடி ஒரு மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரர் கீழே பல்செட் செய்பவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேஜைமேல் இருந்த பல்செட்டுகள்தான் அவருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

"உங்க கதை எனக்குத் தெரியும்மா" என்றார். "அஞ்சாம் தேதி வாடகை உங்க கணக்குலேருந்து தானா என் கணக்குக்கு வந்துடணும். ஒரே ஒரு தடவை பணம் இல்லைன்னு திரும்பிச்சுன்னா, மறுநாள் காலி பண்ணிடணும். கோவிச்சுக்கக் கூடாது."

அத்தை வங்கியில் எழுதிக் கொடுத்தாள். மாமாவும் அவளும் மாடி ஏறினார்கள்.

இப்போது அந்த ஒன்றாம் தேதிக்கு வருவோம். முதல் சம்பளம் ஏறியிருந்தது. சீட்டைப் பார்த்த நிமிஷத்தில் அத்தையின் முதுகு நிமிர்ந்துவிட்டது. மாமா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார், அதில் முக்கால்வாசி வாடகை, மின்சாரம், பஸ் பாஸ், அது உன் பணம் இல்லை என்று. அதைத்தான் அத்தை பொய் என்று நினைத்தாள். நானும் ஆமாம் போட்டேன்.

நேரே செருப்புக் கடை. "வேலை தேடி அலையற பொண்ணு, காலைப் பாரு, ஏதோ அகதி மாதிரி" என்று எனக்கு ஒரு ஜோடி ஷூ. ஏடிஎம் அட்டையைத் தேய்த்தாள், அது மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தது. அட்டைக்கு வாடகை என்றால் என்னவென்று தெரியாது. அப்புறம் மாடி அறைக்குப் பூப்போட்ட ஒரு விளக்கு. சாயங்காலம், மோப்பம் பிடித்தது போல மாமாவின் தம்பி பைக்கில் வந்து இறங்கினார்.

"முதலாளியம்மா, ஒரு சின்னக் கைமாத்து..."

அண்ணி என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம். அத்தை ஏடிஎம்முக்கே அழைத்துப் போய் எடுத்துக் கொடுத்தாள்.

நான்காம் தேதி சாயங்காலம் மாமா ஸ்டூலில் ஏறி அந்தப் பூ விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். நான் புது ஷூவுடன் அறைக்குள்ளேயே நடை பழகிக்கொண்டிருந்தேன். அத்தை கையில் அன்றைய ஏடிஎம் சீட்டு. அதை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"வாடகைக்குக் குறையுதுங்க."

"எவ்வளவு?"

அத்தை சொன்னாள். மாமா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை, கத்தவும் இல்லை. திருகாணியைத் திருகிக்கொண்டே, "மறுபடியும் துவைக்காம வெட்டிட்டியா?" என்றார்.

நீதிமன்றத்தில் அழாத அத்தை அப்போது கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சீட்டை விரித்துப் பிடித்தாள், அகலம் பார்ப்பது போல. "ஆமாங்க. ஈரம்கூடப் படல. முழுத்துணின்னு நினைச்சு வெட்டிட்டேன்." பிறகு என் காலைப் பார்த்தாள். "ஏண்டி, அதைக் கழட்டு."

மறுநாள் அத்தை பட்டறைக்கு லீவு போட்டாள். முதலில் செருப்புக் கடை. கடைக்காரர் ஷூவைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"போட்டிருக்காங்களே."

"ரூமுக்குள்ளதான். எங்க ரூமுல நாலடிக்கு மேல நடக்க இடமே கிடையாது. வேணும்னா வந்து பாருங்க" என்றாள் அத்தை. அவர் வந்து பார்க்க விரும்பவில்லை. பணத்தைக் கொடுத்தார். விளக்குக் கடைக்காரர் மட்டும் அசையவில்லை. விற்ற பல்பையும் பூவையும் திருப்பி எடுப்பதில்லையாம்.

அடுத்து மாமாவின் தம்பி. தெருமுனையில் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பைக்கில் புத்தம்புது ஹாரன்.

"தம்பி, அன்னைக்குக் குடுத்ததை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் அத்தை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இருமல் வந்து, நான் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது.

"என்ன அண்ணி, குடுத்துட்டு நாலு நாள்ல கேக்கறீங்க! ஊர் சிரிக்காதா?"

"ஊர் ஏற்கெனவே சிரிச்சு முடிச்சாச்சு தம்பி. கோர்ட்டுல சீல் வெச்சே சிரிச்சாங்க."

"முதலாளியம்மா வாயிலேருந்து இப்படி ஒரு..."

"முதலாளியம்மா குடுத்துட்டுப் போயிட்டா. இப்ப வந்திருக்கறது உன் அண்ணி. அண்ணிக்கு இன்னைக்கு வாடகை."

அவர் ஹாரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே பஞ்சுக்கு அடியில் விரலை விட்டு, எட்டாக மடித்த நோட்டுகளை எடுத்தார். ஹாரன் போக மிச்சம். எண்ணிப் பார்த்தோம். செருப்புப் பணத்தையும் கணக்கில் கிடந்ததையும் சேர்த்தால் வாடகைக்கு மயிரிழை கூடுதலாக இருந்தது.

வங்கிக்கு ஓடினோம். கவுன்டரில் கணினி படுத்துவிட்டது. வாசலில் இருக்கும் பணம் போடும் மெஷினில் போடுங்கள், உடனே ஏறும், சாயங்காலம்தான் வாடகையைப் பிடிக்கும் என்றாள் அதே பெண். மெஷின் எல்லா நோட்டையும் விழுங்கியது, ஒன்றைத் தவிர. ஹெல்மெட் வியர்வையில் ஊறி, எட்டு மடிப்பும் பதிந்து கிடந்த அந்தப் பெரிய நோட்டை உள்ளே இழுத்து, யோசித்து, வெளியே தள்ளியது. திருப்பி வைத்தோம், தள்ளியது. தலைகீழாக வைத்தோம்; தள்ளியது. பின்னால் நின்ற ஒருவர், "அம்மா, அது உங்களை வேண்டாங்குது, விட்டுடுங்க" என்றார்.

அத்தை அவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு பாஸ்புக்கைத் திறந்து, நோட்டை உள்ளே வைத்து, கைவிரலால் ஓரம் நீவி, மூடி, வங்கியின் மர பெஞ்சில் வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டிகள் பலவற்றை ஆண்ட பெண்மணி அவள்; எவ்வளவு கனம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கனம் அவளிடம் தாராளமாகவே இருந்தது. காவலாளி வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார்.

"பணம் போடறேன்" என்றாள் அத்தை.

எழுந்து எடுத்தபோது நோட்டு புதுமாப்பிள்ளை சட்டை போல இருந்தது. மெஷின் ஒரே இழுப்பில் உள்ளே வாங்கிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வாடகை போயிற்று. ஏடிஎம் சீட்டில் மிச்சம் என்று ஒரு குட்டித் தொகை நின்றது. அத்தை அதைப் பார்த்துச் சிரித்தாள். "இதுதாண்டி என் பணம். மத்ததெல்லாம் சுருங்கப் போறது." ஒன்றாம் தேதி அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

மறுவாரம் வங்கிக்குப் போய் இரண்டு காரியம் செய்தாள். வாடகை பிடிக்கும் நாளை ஐந்தாம் தேதியிலிருந்து, சம்பளம் ஏறிய மறுநாளுக்கே மாற்றினாள். "வந்ததும் துவைச்சிடுங்கம்மா" என்றாள். கவுன்டர் பெண் பாவம், விழித்தாள். அப்புறம் அதே மாதிரி இன்னொரு அடிப்படைக் கணக்கு. முதல் கணக்குக்குத் துவைக்கிற கணக்கு என்று பெயர்; சம்பளம் அதில் வரும், வாடகையும் மின்சாரமும் அதிலிருந்தே போகும், அதன் அட்டை மாமாவின் கருவிப் பெட்டியில் கிடக்கும். பஸ் பாஸும் எடுத்த பிறகு மிஞ்சுவதை மட்டும் வெட்டுகிற கணக்குக்கு வாராவாரம் கொஞ்சமாக மாற்றிக்கொள்வாள். அந்த அட்டைதான் கைப்பையில். அதில் இருப்பதை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சில வாரங்களில் புதன்கிழமையே தீர்ந்துவிடும். அப்போது அத்தை வங்கியைத் திட்டுவாள், மாமாவைத் திட்டுவாள், பூ விளக்கைத் திட்டுவாள். ஆனால் கருவிப் பெட்டியைத் திறப்பதில்லை.

'இல்லை' என்று சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை. மாமாவின் தம்பி போன மாதம்கூட வந்தார், புது ஹாரனை அடித்துக்கொண்டு. அத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "துணி இன்னும் காயல தம்பி!" என்று கத்தினாள். கீழே பல்செட்காரர் முதல்முறையாகச் சிரித்தார் என்று மாமா சொல்கிறார். மாமா பொய் சொல்ல மாட்டார் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

நான் இன்னும் பழைய செருப்பில்தான் வேலை தேடி அலைகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சம்பளம் வந்த அன்றே முதுகு நிமிர்ந்துவிடும் ஆள் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள், ஆனால் ஒன்றாம் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நோட்டின்மேல் உட்கார்ந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அத்தைக்கு அதில்தான் பெருமை.