விருந்தாளிக்கென்று வைத்த அடுப்பு

2024 ஆகஸ்ட் 21, புதன். ஐந்தரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்பது மணிக்குச் செஞ்சியில் பேருந்து ஏறி, இலங்கைத் தமிழர் முகாமில் புகையில்லாச் சமையல் பயிற்சி கொடுக்கப் போனேன்.

சென்ற மாதம் பயிற்சி முடித்த யோகேஸ்வரியின் வீட்டையும் எட்டிப் பார்த்தேன். பயிற்சியில் கொடுத்த கேஸ் அடுப்பு, உறை பிரிக்காமல், குங்குமப் பொட்டோடு அலமாரியில் இருந்தது. அவர் விறகடுப்பின் முன் இருமிக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்த வெக்கலியா?"

"ஆரும் வீட்டுக்கு வந்தால் பத்த வைப்பம், டீச்சர். என்ர முகந்தான் கறுத்துப் போச்சு, அடுப்பாவது மினுங்கட்டும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரான வல்லத்தில் என் அம்மா மல்லாட்டைத் தோலை, அதாவது வேர்க்கடலைத் தோலை, எரித்துத்தான் சமைப்பாள். புகையில் இருமுகிறாளே என்று நைனா மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ் ஒன்று வாங்கிவந்தார். அம்மா அதைத் தினமும் துடைத்துத் துணி போர்த்தி வைப்பாள்.

"பத்த வெச்சாத்தான் இன்னா? அழகு பாக்கவா வாங்கியாந்தேன்?" என்று நைனா கத்துவார்.

"விருந்தாளி வந்தா பத்த வெச்சிக்கலாம். சும்மா இருய்யா."

எனக்குப் பதினொரு வயதானபோது அம்மா இருமி இருமியே இறந்துபோனாள். சாவு வீட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் போட, அத்தை அந்த ஸ்டவ்வை வாசலுக்குத் தூக்கிவந்தாள். துணியை எடுத்தபோது பத்துத் திரிகளும் வெள்ளையாகவே இருந்தன.

யோகேஸ்வரியிடம் விடைபெற்றுக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"விருந்தாளி வந்திருக்கேன். டீ போடும்மா" என்றேன்.