தேய்க்காத கால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜீயபுரத்திலிருந்து வாழையிலைக் கட்டுகளை ஏற்றி வந்து ஸ்ரீரங்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இறக்குவது வேலை. கூட வேலை பார்த்தவன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். குடிக்கிறான் என்று மனைவி வீட்டை விட்டுத் துரத்தியதால் என் அறைக்கு வந்திருந்தான். மதுவிலக்கு இருந்த காலம். அது அவனுக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் மனைவியிடம் கெஞ்சப் போனான். நானும் போயிருந்தேன்.

"பெரிய வியாழன் அன்னைக்கு சாமி உங்க காலைத் தொடுறாரான்னு பாக்குறேன். தொட்டா வீட்டுக்கு வாங்க" என்றாள்.

இயேசு சாவதற்கு முந்தின நாள், அப்போஸ்தலர்கள் என்ற தன் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவினாராம். அதை நினைத்து, பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துச் சாமியார் கழுவி முத்தமிடுவார். வலது கால் மட்டும்தான். உட்காருகிறவர்கள் அந்தக் காலை வீட்டிலேயே செங்கல் துண்டால் தேய்த்து, சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலை நீட்டினால் மரியாதை இல்லையாம்.

இவன் சாமியாரிடம் போய் இடம் கேட்டான். "குடிக்காம வா" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் குடிக்கவில்லை. பிறகு பயம் வந்துவிட்டது. பயம் போகக் குடித்தான். காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து ஒரு காலை வெகுநேரம் தேய்த்தான். எந்தக் கால் என்று எனக்கு அப்போது தெரியாது. மாதா கோயிலுக்கு நான்தான் பிடித்துக்கொண்டு போனேன்.

சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். "சாமி, இந்த வாடையோட இவன் அப்போஸ்தலரா?"

சாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு இயேசு, தன்னைக் காட்டிக்குடுக்கப் போற யூதாஸ் காலையும்தான் கழுவினாரு. உட்காரச் சொல்லுங்க."

இவனுடைய முறை வந்ததும் இடது காலை நீட்டினான். பளபளவென்று இருந்தது. சாமியார் வலது காலைப் பிடித்தார். அதில் சந்தைச் சேறும் வாழைக்கறையும் வெடிப்புமாக இருந்தது. இவன் காலை இழுத்துக்கொண்டான்.

"அது வேணாம் சாமி. இதைத்தான் தேய்ச்சு வச்சிருக்கேன்."

"தேய்ச்ச காலை நான் எதுக்குக் கழுவணும்? குடு."

தட்டில் தண்ணீர் கறுத்தது. அவர் நிதானமாகக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். இவன் விக்கினான். அழுகையா சாராயமா என்று சொல்ல முடியாது.

கடவுளின் அன்பு என்று தெருமுனைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். நல்லவர்களுக்குக் கிடைக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்து, நடந்துகொண்டே இருந்தவன் நான். அந்த அன்பு, நாம் காட்ட நினைக்கும் காலை விட்டுவிட்டு மறைக்கிற காலைப் பிடித்து இழுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்படிப் பிடிபடுவது வெட்கமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

பூசை முடிந்து வெளியே வந்தோம். மனைவி முக்காட்டோடு நின்றிருந்தாள்.

"இந்தக் கால் சாமிக்கு வருஷத்துல ஒரு நாள். எனக்குத் தினமும்" என்றாள். அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவரு துணி மூட்டையை நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆடி பிறப்பதற்குள் அவன் மறுபடியும் குடித்தான். தெருவே கேட்கும்படி திட்டினாள். மூட்டை மட்டும் என் அறைக்குத் திரும்பி வரவில்லை.