ஓணான் கண்ணில் ஒரு பட்டு இழை

எனக்கு வாய் அதிகம். பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் அந்த வாய் பொய்க்குப் போய்விட்டது. அதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். ஆரணியில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு தறி. வீட்டுக்காரர் நெய்வார். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் தாரில் நான் நூல் சுற்றுவேன், அறுந்த இழைகளைத் தேடி முடிவேன். நெய்த புடவைகளை எடுத்துக்கொண்டு அவர் அவ்வப்போது சென்னைக்குப் போய்வருவார். அப்படிப் போனவர் ஒரு தடவை கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு ஓணான். புடவைக் கடைக்காரருடைய மகன் ஆசையாக வளர்த்ததாம். அவன் படிக்க வெளிநாடு போகிறானாம், வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்களாம். இவருக்கு மனசு கேட்கவில்லை.

ஆஸ்திரேலியா பக்கத்து ஜாதி அது. கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் அந்தத் தாடி உப்பிக் கறுத்துப்போகும். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். முதல் நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

பெட்டியைத் தறிக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் நெய்ய உட்கார்ந்ததும் அது எழுந்து கண்ணாடியில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொள்ளும். நாடா இந்தப் பக்கம் ஓடினால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம். ஒரு ஓட்டத்தைக் கூடத் தவறவிடாது. அவ்வளவு கூர்மையான கண். தறியில் உட்கார்ந்தால் ஊமையாகிவிடுகிற மனுஷன், அதனோடு பேச ஆரம்பித்தார். ஒரு நாள் நான் கரப்பான்பூச்சி ஒன்றைப் பெட்டிக்குள் விட்டேன். அது என் விரலைத் தொடாமல் பூச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அன்றிலிருந்து முருங்கைக்கீரையும் பூசணிப்பூவும் நறுக்கிப் போடுவது என் வேலையாயிற்று.

பெட்டிக்குள் மணல் போட்டிருந்தது. மணல் கண்ணில் விழாதா என்று எனக்கு ஒரே கவலை. புத்திசாலி நான்! தார் சுற்றும்போது அறுந்து விழுகிற பட்டுக் கழிவு வீட்டில் ஒரு மூட்டை கிடந்தது. மணலை அள்ளிக் கொட்டிவிட்டு அந்தக் கழிவை உதறிப் பரப்பினேன். பச்சை, மஞ்சள், ராணி கலர் எல்லாம் கலந்து கல்யாண மேடை மாதிரி இருந்தது. இழை காலில் சுற்றிக்கொள்ளுமே என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். பட்டு என்ன பண்ணும், பச்சைக் குழந்தைக்கே போடுகிறோம் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். தெருவில் எல்லோரிடமும் எங்கள் வீட்டு ஓணான் பட்டு மெத்தையில் படுக்கிறது என்று சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். பட்டு நெய்யாத ஊரில் இருந்திருந்தால் இந்தத் தப்பை நான் செய்திருக்கவே முடியாது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இமை ஓரத்தில் ராணி கலர் இழை ஒன்று மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். வந்தது, ஆனால் பாதியில் அறுந்துவிட்டது.

ஒரு இழை அறுந்தால் மறு முனை எங்கே என்று தேடுவதுதான் என் தொழில். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு நான் தேடவில்லை. வெளியே வந்த துண்டைச் சுருட்டிச் சன்னலுக்கு வெளியே போட்டேன். அவர் கடைவீதியிலிருந்து திரும்புவதற்குள் பட்டை எல்லாம் அள்ளி மூட்டையில் திணித்துவிட்டுப் பழைய பேப்பர் விரித்தேன். கேட்டதற்கு, பேப்பர் என்றால் சுத்தம் பண்ணச் சுலபம் என்றேன்.

கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வீங்கியது. பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, பிள்ளை பெற்று வந்திருந்த தன் மகளிடமே வாங்கிவந்தாள். ஓணானுக்குப் பால் கொடுத்த முதல் ஆள் நம் தெருவில்தான் என்று கேலி வேறு. விட்டோம், ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். பெட்டிக்குள் சூட்டுக்காக ஒரு பல்பு எரியும்; பழையது போனபோது புதிது வாங்கி மாட்டியது அவர்தான். சில பல்பு வெளிச்சம் இந்த ஜாதிக்குக் கண்ணைக் கெடுக்கும் என்று போட்டிருந்ததாம். முகம் செத்துப்போய் அந்த பல்பைக் கழற்றினார். கழற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றதால் அவரால் வர முடியவில்லை. கூடையில் துணி போட்டு அதை வைத்துக்கொண்டு, கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு நானே பஸ் ஏறினேன். அங்கே ஒரு மாட்டு டாக்டர் தனியாக வைத்தியம் பார்ப்பார். நாயும் பூனையுமாக ஒரே கூட்டம். என் கூடையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஜாதியை நான் பார்த்ததில்லை, கேட்பதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மருந்து என்றார். என்ன தின்கிறது, எவ்வளவு வெயில் படுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்.

"பெட்டிக்குள்ள அடியில இன்னா போட்டிருக்கீங்க? மணல், நாரு, உமி, அந்த மாதிரி எதுனா?"

எனக்குப் பின்னால் நாயோடு நின்றிருந்த ஒரு அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பட்டு என்று சொன்னால் எல்லோரும் கொல்லென்று சிரிப்பார்கள். அதைவிட, பட்டு என்று சொல்லிவிட்டால் இந்தக் கண்ணைக் கெடுத்தது நான்தான் என்று ஆகிவிடும்.

"பேப்பர்தாங்க."

"ஆரம்பத்துலேர்ந்தா?"

"ஆமாங்க."

தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். சத்துக் குறைவாக இருக்கலாம் என்று சொட்டு மருந்தும் வைட்டமினும் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, பட்டு மேலே படுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாயா என்பதுதான். நெய்கிறவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா? சொன்னேன், அதனால் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர் என்றேன். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். என்ன ஜென்மம் நான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பசிக்கிறது என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

இருபது நாள் வேளை தவறாமல் மருந்து விட்டேன். மருந்து விட்டால் என் பொய் சரியாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. கண் மேலே மேலே வீங்கியது. ஓணான் தின்பதை நிறுத்தியது. நாடா ஓடும் சத்தத்துக்கும் எழவில்லை. புடவை தறியிலிருந்து இறங்கியதும் இருவருமாகச் சென்னைக்குக் கிளம்பினோம். இந்த மாதிரிப் பிராணிகளையே பார்க்கிற ஒரு டாக்டரைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். சின்ன வயதுப் பெண். அவரிடம் வீட்டுக்காரர் பல்பையும் சொன்னார், பட்டையும் சொன்னார். பட்டு என்றதும் அந்தப் பெண் விளக்கைக் கிட்டே இழுத்தார். இமையை மெதுவாகப் பிரித்தார். இடுக்கியால் பிடித்து இழுத்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. சீழில் ஊறிக்கிடந்தும் நிறம் போகவில்லை.

ராணி கலர். அதன் பின்னால் கண் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இனி இந்தக் கண் தெரியாது, முதலிலேயே எடுத்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்றார்.

"வேலூர்லயும் இத்த சொன்னோமுங்களே," என்றார் வீட்டுக்காரர்.

"பட்டுன்னு சொல்லியிருந்தா அவர் இமையைப் பிரிச்சுப் பாக்காம அனுப்பியிருக்க மாட்டாருங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூடை அவர் மடியில் இருந்தது. செய்யாறு தாண்டியதும் கேட்டார்.

"பட்டு போட்டது தப்பு இல்லம்மே. தெரியாம போட்ட. டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை.

ஒற்றைக் கண்ணோடு அது இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நாடா வலது பக்கம் போகும்போது மட்டும் தலை திரும்பும். இடது பக்கம் போய்விட்டால் எங்கே போயிற்று என்று தெரியாமல் அப்படியே நிற்கும். நாடா ஓடுவதெல்லாம் நல்ல கண்ணில் படட்டும் என்று இவர் பெட்டியைத் தறியின் ஒரு கோடிக்கு மாற்றி வைத்தார். நான் பூச்சி போட்டால் பாதி நேரம் என் விரலைக் கவ்வும். கவ்வட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் மேல் அவர் கோபப்படவே இல்லை. ஒரு சுடுசொல் கிடையாது. நாலு திட்டு திட்டியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அப்புறம், நான் எது சொன்னாலும் அவர் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்க்கிறார். நேற்றுக் காலையில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். நெசமாவா என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் அவரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.