நன்றியுரைக்கு அப்புறம் யாரும் கேட்பதில்லை

தமிழ்மொழிக்கு நன்றியுரை சொல்வது மூச்சு விடுவதைப் போல. அடையாறில் பள்ளியில் படித்தபோதே அவளை ஆண்டு விழா மேடையில் ஏற்றிவிட்டார்கள். தலைமை ஏற்றவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்திப் பேசியவர், பந்தல் போட்டவர், மைக் செட் கட்டியவர் என்று ஒருவரையும் விடாமல், கையில் தாள் இல்லாமல், அடுக்குமொழியில் சொல்லிவிட்டு இறங்குவாள். விருந்தினர்கள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். நன்றி சொல்லத் தெரிந்த ஏழைப் பிள்ளையை எல்லோருக்கும் பிடிக்கும். அதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றில் ஆறாவது மாடியில் ஓர் அறையைக் கொடுத்தபோதும் ஒரு விழா நடந்தது. குடியேறியவர்கள் சார்பில் நன்றி சொன்னது அவள்தான். அப்பா வேலு கீழே நின்று கை தட்டினார். தட்டி முடித்ததும், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் படியேறினார். வரவில்லை.

அவள் சேர்ந்த பல்கலைக்கழகம் மயிலாப்பூர்ப் பக்கம் இருந்தது. வகுப்பு மாலை நான்குக்குள் முடிந்துவிடும், ஆனால் வீட்டுக்குப் போய்ப் படிக்க வழியில்லை. ஒரே அறை, அதிலேயே டிவி, அடுப்பு, தம்பிகள், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம். மாணவர் ஒன்றியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீளமான ஹால் ஒன்று இருந்தது. கீறல் விழுந்த மேசைகள், முனகும் மின்விசிறிகள், இரவு எட்டு மணி வரை விளக்கு. தொலைவிலிருந்து வரும் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து படித்தார்கள். அவள் குடியிருப்பிலேயே இரண்டு மாடி கீழே இருந்த அன்புச்செல்வியும் அவர்களில் ஒருத்தி. கணக்குத் தாளில் இரண்டு முறை தவறியவள். மூன்றாவது முறையும் தவறினால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

அந்த ஹாலை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோதுதான் தமிழ்மொழி தேர்தலில் நின்றாள். ஒன்றியக் கட்டடத்தை நடத்துவது ஒரு வாரியம். அதில் பேராசிரியர்கள், நன்கொடை கொடுத்தவர்கள், மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருவர். ஹால் திறந்தே இருக்கும் என்ற ஒரே வாக்குறுதியைச் சொல்லி ஓட்டுக் கேட்டாள். ஜெயித்தாள். மற்றொரு பிரதிநிதி கரீமுல்லா, சட்டம் படிப்பவன், யாரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளாதவன்.

முதல் கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாரியத் தலைவர் பாலகணேஷ், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கீழ் ஹாலைக் குளிர்சாதன வசதியோடு விழா அரங்கமாக மாற்றித் தருவதாக அவர் அறிவித்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். தமிழ்மொழி கையைத் தூக்கினாள். வாரியச் செயலாளர் பேராசிரியை ஸ்வர்ணலதா அவள் பக்கம் சாய்ந்து, கடைசியில் நன்றியுரை அவளுடையதுதான், அப்போது எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அவள் செய்த தவறு அங்கேதான் தொடங்கியது. முதலில் மரியாதை, பிறகு மறுப்பு என்று கணக்குப் போட்டாள். எழுந்து நின்றதும் நாக்கு தானாக ஓடியது. தலைவருக்கு நன்றி, அரங்கத்தைப் புதுப்பிக்க முன்வந்த அவருடைய பெரிய மனதுக்கு நன்றி, தேநீர் கொண்டுவந்தவருக்கும் நன்றி. "ஆனால்" என்று அவள் ஆரம்பித்தபோது நாற்காலிகள் பின்னால் நகர்ந்துவிட்டன. நம் ஊரில் நன்றியுரைக்கு அப்புறம் எதுவும் கிடையாது. அதன் பிறகு ஒருவர் பேசினால் அது பேச்சாகாது, இரைச்சல். எல்லோரும் நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றார்கள். அவளும் நின்றாள், அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு.

மறுநாள் அறிவிப்புப் பலகையில், ஹால் மூடப்படுவதாகவும் மாணவர் பிரதிநிதி அதற்கு நன்றி தெரிவித்ததாகவும் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்புச்செல்வி பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தாள்.

"இன்னாடி, சால்வ வாங்கிக்கினு ஹால குடுத்துட்டு வந்துட்டியாமே?"

தமிழ்மொழி நடந்ததைச் சொன்னாள். அன்புச்செல்வி முழுவதும் கேட்டாள்.

"அவ்ளோ நேரம் தேங்க்ஸ் சொன்னவளுக்கு வேணாம்னு சொல்ல வாய் வர்ல. நல்லாத்தான் கீது."

ஹாலுக்குப் பூட்டு விழுந்தது. வேலை என்னவோ தொடங்கவில்லை. ஒப்பந்தக்காரர் வரவில்லை என்றார்கள். மேசைகள் உள்ளேயே தூசி பிடித்துக் கிடக்க, பெண்கள் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார்கள். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் காலை ஒதுக்கி ஒதுக்கி, புத்தகத்தை மூடி மூடித் திறந்து படித்தார்கள். அந்தப் படியை மிதிக்கும்போதெல்லாம் தமிழ்மொழிக்கு உடம்பு எரிந்தது. பாலகணேஷ் மீது, ஸ்வர்ணலதா மீது, அதைவிடத் தன் நாக்கின் மீது. பழக்கம் என்பது நமக்குள் உட்கார்ந்திருக்கும் பிறத்தியார். நாம் வாய் திறப்பதற்குள் அவர்கள் பேசிவிடுகிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனாள். ஹாலைப் பற்றிப் பேச எடுத்தபோது, அது முடிந்துபோன விஷயம் என்றார்கள். கடைசியில் நன்றியுரைக்கு அவள் பெயரைச் சொன்னார்கள். எழுந்தாள்.

"நன்றி சொல்ல ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "ஹால் பூட்டிக் கிடக்கு. பொண்ணுங்க படிக்கட்டுல உக்காந்து படிக்கிறாங்க. நீங்களும் அவங்களத் தாண்டித்தான் மேல வந்தீங்க."

உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தை முடிக்கத் தெரியாமல் அவ்வளவு படித்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாலகணேஷ் கெட்டவர் அல்ல. நல்லவர் என்று சொல்லவும் அவசரப்பட வேண்டாம். தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து கடை வைத்தவர். கட்டடத்துக்குக் கொடுத்ததை அவர் பெருமையாகவே நினைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா பேசுத? நாங்கள்லாம் தெரு லைட்டுக்கு அடியில உக்காந்து படிச்சு வந்தவங்க."

"இருக்கலாம் சார். நீங்க படிக்கும்போது யாரும் வந்து அந்த லைட்ட அணைக்கலியே."

ஸ்வர்ணலதா கரீமுல்லாவைப் பார்த்தார். அவன் எழுந்து, தமிழ்மொழியைப் பார்க்காமல், சுருக்கமாக எல்லோருக்கும் நன்றி சொன்னான். நாற்காலிகள் நகர்ந்தன. வாசலில் அவள் பக்கம் வந்து, யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும், தப்பா நினைக்காதே என்றான். அவள் அவனைத் தாண்டிப் படியிறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்வர்ணலதா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேராசிரியை அன்பாகவே பேசினார். அந்த அன்புதான் பல்லைக் கூசவைத்தது. வேலை தள்ளிப்போவதால் பரீட்சை முடியும்வரை ஹாலைத் திறந்துவிடலாமாம். தலைவருக்கும் மறுப்பில்லையாம். ஆனால் அவர் மனம் புண்பட்டிருக்கிறதாம்.

"அடுத்த கூட்டத்துல எழுந்து, நீ எப்பவும் அழகா சொல்லுவியே, அப்படிச் சொல்லிடும்மா. பெரியவங்க. ஒரு வார்த்தையில என்ன கொறஞ்சு போயிடப் போறே?"

ஒன்றும் குறையாது என்றால் அதை ஏன் கேட்கிறார்கள் என்று தமிழ்மொழி யோசித்தாள். மாணவர்களுடைய ஹால். எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதற்கு நன்றி வேண்டுமாம். பறித்தவன் கையிலிருந்தே திரும்ப வாங்கும்போது நம் பொருள் அவன் கொடையாகிவிடுகிறது. முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் அன்புச்செல்வியிடம் சொன்னபோது சபாஷ் என்பாள் என்று எதிர்பார்த்தாள். அன்புச்செல்வி புத்தகத்தை மூடினாள்.

"சொல்ல மாட்டேன்னு வந்துட்டியா?"

"பின்ன? அவனுங்க காலுல வுழச் சொல்றியா?"

"எனக்கு அடுத்த மாசம் பேப்பர்டி. உன் கோவத்த வச்சிக்கினு நான் இன்னாத்த எழுதறது?"

தமிழ்மொழிக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. யாரோ இறங்கி வந்தார்கள்; அன்புச்செல்வி காலை ஒதுக்கினாள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அறையப்பட வேண்டியவர்கள் அந்தப் படியில் இல்லை.

மூன்றாவது கூட்டத்தில் எல்லோரும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். ஸ்வர்ணலதா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் போல. நன்றியுரைக்குப் பெயர் வந்ததும் தமிழ்மொழி எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, தலைவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"சாவிய குடுங்க சார். அப்புறம் சொல்றேன்."

பாலகணேஷ் அந்தக் கையைப் பார்த்தார். கடைக்காரருக்குக் கொடுக்கல் வாங்கல் புரியும். ஸ்வர்ணலதா ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் கையமர்த்திவிட்டு, சாவியை எடுத்துவரச் சொன்னார். அலுவலகத்திலிருந்து சாவி வரும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சாவி உள்ளங்கையில் விழுந்ததும் விரல்களை மூடிக்கொண்டாள்.

"நன்றி," என்றாள்.

அடுக்குமொழி இல்லை. தேநீர் கொண்டுவந்தவர் இல்லை. பெரிய மனது இல்லை. இன்னும் வரும் என்று அவர்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து வெளியேறினாள். நாட்டுப்பண் மேலே தொடங்கியபோது படியின் நடுவில் இருந்தாள். நின்றாள். படியில் இருந்த பெண்களும் எழுந்து நின்றார்கள். முடிந்ததும் கீழே ஓடினார்கள்.

பூட்டு துருவேறி இருந்தது, இரண்டு பேர் சேர்ந்து திருப்ப வேண்டியிருந்தது. ஒருத்தி விளக்கைப் போட்டாள், ஒருத்தி துப்பட்டாவால் மேசையைத் தட்டினாள். அன்புச்செல்வி சுவரோரமாக ஒரு இடத்தைப் பிடித்து, உட்காருவதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்துவிட்டாள். தமிழ்மொழியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை.

தமிழ்மொழி எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கும் பரீட்சை இருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எழுத்து உள்ளே இறங்கவில்லை. காது சூடாகவே இருந்தது. பரீட்சை முடிந்த மறுநாள் அவர்கள் சாவியைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள். அப்போது என்ன செய்வது என்பதை மட்டும், மின்விசிறி முனகலுக்குக் கீழே, அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.