குடில் மூலையில் ஒரு காப்பி மேடை

எங்கள் எதிர்வீட்டு யேசுராஜ் 1957 நவம்பர் இரண்டாம் தேதி திருமலைராயன்பட்டினத்தில் பிறந்தார். அன்று கல்லறைத் திருநாள். அதனால் தன் பிறந்தநாளுக்கு வீட்டில் யாரும் பாயசம் வைத்ததே இல்லை, எல்லோரும் கையில் மெழுகுவத்தியோடு கல்லறைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். 1984 முதல் 2017 வரை அரசுப் பேருந்து ஓட்டினார். காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது 1991 மே மாதம்.

விடியற்காலையின் முதல் பேருந்து அவருடையது. எழுந்ததும் இரண்டு டம்ளர் காப்பி போடுவார். ஒன்றைத் தான் குடித்துவிட்டு, மற்றதைத் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவி ஆக்சிலியாவின் தலைமாட்டில் டபராவால் மூடி வைத்துவிட்டுப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. "கல்யாணமாகி ஒரு நாள்கூட காலைக் காப்பி நான் போட்டதில்லை" என்று ஆக்சிலியா என் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 11 அன்று அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு ஐந்து வாரத்தில் திரும்பியது. நவம்பரில் ஊன்றுகோலோடு நடந்தார். வலது கை மட்டும் வரவில்லை. அவர்கள் வீட்டில் சமையலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். ஒருமுறை அங்கே போய்த் தடுமாறி விழுந்தார். அதன் பிறகு கூடத்து நாற்காலியை விட்டு அசையவில்லை. செய்தித்தாள் கொடுக்க நான் தினமும் போவேன். "எனக்கென்ன சார், உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வருது" என்பார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை உண்டு. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கும் இடம். ஆண்டில் பதினைந்து நாள் அங்கே வைக்கோலும் சின்ன விளக்குகளும் இருக்கும். மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கும். சென்னையிலிருக்கும் மகள் டெய்சி, தன் சிநேகிதி வீட்டில் இப்படியொரு மூலையில் காப்பிக்கென்று தனியாக ஓர் அலமாரி போட்டிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். 'காபி பார்' என்று அதற்குப் பெயராம். ஆக்சிலியா அந்தப் படத்தை இரண்டு நாள் யாரிடமும் காட்டவில்லை. மூன்றாம் நாள் பட்டினச்சேரித் தங்கையனை வரச் சொன்னார்.

தங்கையன் படகுகளுக்கு மரவேலை செய்கிறவர். "காரைக்கால்ல தெருவுக்கு ரெண்டு பார் இருக்கு. நீங்க வீட்டுக்குள்ளயே வைக்கிறீங்களே அண்ணே, என்னையும் ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?" என்றார்.

"காப்பிக்குய்யா" என்றார் யேசுராஜ்.

"அட, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்!"

ஆனால் வேலையைக் கவனமாகச் செய்தார். யேசுராஜை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கை உயரத்தை அளந்தார். பலகையின் நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலத்துக்கு வரம்பு எழுப்பினார். படகில் சாமான் உருளாமலிருக்க அப்படித்தான் செய்வார்களாம். பலகையில் வட்டமாக மூன்று குழி வெட்டினார். பெரியதில் ஃபில்டரின் அடிப்பாத்திரம் அசையாமல் உட்காரும். ஒற்றைக் கையால் மேல்பாத்திரத்தைத் தூக்கிவிடலாம். சிறியவை இரண்டும் டம்ளருக்கு. தண்ணீர் சுட மின்கெட்டில். பாலுக்கு, தலையை அமுக்கினால் ஊற்றும் பிளாஸ்க். பிப்ரவரி முதல் வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொன்ன தங்கையன், படகு வேலை குறுக்கிட்டதில் மார்ச் முதல் தேதிதான் முடித்தார்.

மார்ச் 2, 3, 4 மூன்று நாளும் யேசுராஜ் இடது கையால் முயன்றார். முதல் நாள் டிகாக்ஷன் முழுவதும் வரம்புக்குள் குளம்போல் நின்றது. இரண்டாம் நாள் டம்ளர் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் பாதி தேறியது. அதை ஆக்சிலியாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவரே குடித்தார்.

மார்ச் 5, புதன்கிழமை. ஆக்சிலியா விடியற்காலைப் பூசைக்குப் போயிருந்தார். ஆறு இருபதுக்கு நான் செய்தித்தாளோடு நுழைந்தபோது யேசுராஜ் மூலையில் உட்கார்ந்திருந்தார். "பேசாதீங்க சார்" என்றார். நின்றேன். ஃபில்டரின் மேல்பாத்திரத்தை எடுத்து வைத்தார். டிகாக்ஷனை ஊற்றினார். பிளாஸ்க்கை இரண்டுமுறை அமுக்கினார். பலகையில் ஒரு சொட்டு இல்லை. டபராவால் மூடிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்சிலியா நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். அன்று விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். மூடிய டம்ளரைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே அழுதார்.

"குடி" என்றார் யேசுராஜ்.

"குடிக்கக் கூடாதுங்க."

ஜனவரியில் வேளாங்கண்ணியில் அவர் நேர்ந்துகொண்டாராம். கணவர் மறுபடி தன் கையால் ஒரு வேலை செய்துவிட்டால், தவக்காலம் நாற்பது நாளும் காப்பி தொடுவதில்லை என்று. வேண்டுதல் நிறைவேறும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். பிப்ரவரியிலேயே மேடை தயாராகிவிடும், தவக்காலத்துக்கு முன் கொஞ்ச நாளாவது அவர் போட்ட காப்பியைக் குடிக்கலாம் என்று நினைத்திருந்தார்.

"நேர்றதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா உனக்கு? மீனை விட்டிருக்கலாம். சீரியலை விட்டிருக்கலாம்."

"எனக்குப் பிடிச்சது அதுதானே. பிடிக்காததை விட்டா மாதா ஒத்துக்குவாங்களா?"

யேசுராஜ் டம்ளரை என் பக்கம் தள்ளினார். எனக்கு அதைக் குடிக்கத் தோன்றவில்லை. வியாழனும் வெள்ளியும் அவர் மூலைக்குப் போகவில்லை. கெட்டிலின் மேல் யாரோ துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்த மாதா கோயில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவன், மாதா கோயில் பூசைக்குப் போகிறவனில்லை. அவர்கள் நோன்புக் கணக்கு எனக்குத் தெரியாது. விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைவரை எண்ணினேன். மார்ச்சில் 27, ஏப்ரலில் 19. திரும்பவும் எண்ணினேன்.

"ஆக்சிலியா, நீங்க நாற்பது நாள்னுதானே சொன்னீங்க? இதில் நாற்பத்தாறு வருதே?"

"சார், இதுல போய் உங்க கணக்கா?" என்று ஆக்சிலியா சலித்துக்கொண்டார்.

"ஆறு நாள் அதிகமாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது?"

நாற்காலியிலிருந்து யேசுராஜின் குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை சேராது சார். ஆண்டவர் உயிர்த்த நாள். அன்னிக்கு நோன்பு கிடையாது. சின்ன வயசுல ஞானோபதேச வகுப்புல சிஸ்டர் பிரம்பை வச்சுக்கிட்டு..."

அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். மனைவியைப் பார்த்தார்.

"எங்கம்மா ஞாயித்துக்கிழமையும் சேர்த்துத்தான் நோன்பு இருப்பாங்க" என்றார் ஆக்சிலியா.

"நீ மாதாகிட்ட எத்தனை நாள் சொன்னே?"

ஆக்சிலியா சற்று யோசித்தார். "நாப்பது."

"அப்புறம் என்ன? சொன்னதுக்கு மேல ஆறு நாள் கொடுத்து அவங்களையே குழப்புவியா?"

ஆக்சிலியா எழுந்து போய்க் கெட்டிலின் மேலிருந்த துண்டை எடுத்து மடித்தார்.

மறுநாள், மார்ச் 9. நான் போனபோது மணி ஆறு ஐம்பது. ஒரு கையில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு யேசுராஜால் தலைமாட்டுக்குக் காப்பி கொண்டுபோக முடியாது. அதனால் ஆக்சிலியா மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு, போர்வையும் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். குளித்துத் தலைவாரிப் பூவும் வைத்திருந்தார். யேசுராஜ் சத்தம் வராமல் காப்பியைக் கலந்து, டபராவால் மூடி, அவர் கைக்கு எட்டும் குழியில் வைத்தார்.

"ஆக்சி, எழுந்திரு. ஆறிடும்."

அவர் அப்போதுதான் விழித்தவர்போலக் கண்ணைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது.

"என்னங்க இது, இவ்வளவு சர்க்கரை? எத்தனை கரண்டி போட்டீங்க?"

"அஞ்சு."

"அஞ்சா!"

"புதன்லேருந்து நாலு நாள் போச்சுல்ல. அதையும் சேர்த்துப் போட்டேன்."

ஆக்சிலியா அதை மிச்சம் வைக்காமல் குடித்தார்.