அக்காவின் மூடிய கண்கள்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அக்காவைப் போட்டோ எடுக்க நைனா அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். அக்கா அப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். அவலூர்பேட்டை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட, அவள் புடவை கட்டிய படம் அன்று மாலைக்குள் தரகர் கைக்குப் போயாக வேண்டும். ஸ்டுடியோவுக்குள் என்னதான் இருக்கும் என்று பார்க்க, அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

உள்ளே ஒரு வெள்ளைக் குடை விரிந்து நின்றது. மழையே இல்லாத இடத்தில் குடை எதற்கு என்று கேட்டேன். வெளிச்சத்துக்கு என்றார் ஸ்டுடியோக்காரர். வெளிச்சம் நனைந்துவிடுமா என்று கேட்பதற்குள் நைனா முறைத்தார்.

அக்காவை முக்காலியில் உட்காரவைத்தார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"கண்ணு மூடிடுச்சும்மா."

மறுபடி பளிச். மறுபடியும் மூடியிருந்தது. கேமராவின் பின்பக்கத் திரையை நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். பதினோரு படம் ஆயிற்று. பதினொன்றிலும் அக்கா சாமி கும்பிடுகிறவள் போலவே இருந்தாள்.

"இன்னாம்மா இது, ஒரு நிமிசம் தொறந்து வெக்க முடியாதா?" என்றார் நைனா.

"கூசுது நைனா."

ஸ்டுடியோக்காரர் நைனாவைச் சமாதானப்படுத்தினார். "டென்ஷன் ஆவாதீங்கண்ணே. பரிட்சைக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ கம்ப்யூட்டர்ல இருக்குது. அதுலேர்ந்து கண்ணை எடுத்து இதுல ஒட்டிடலாம்."

எனக்குப் புல்லரித்தது. ஒரு முகத்திலிருந்து கண்ணை எடுத்தால் அந்த இடத்தில் என்ன இருக்கும்? நைனா நிம்மதியாகத் தரகருக்குப் போன் பேச வெளியே போனார். நான் கம்ப்யூட்டர் முன்னால் இடம் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டுடியோக்காரர் பழைய படத்தைத் திறந்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல படிக்கலையாம்மா?"

"நர்சிங் ஃபாரம் வாங்கி வெச்சிருக்கேண்ணா. நைனா கையெழுத்து போட மாட்டேங்குறாரு."

அவர் மவுசிலிருந்து கையை எடுத்தார். நைனா உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். "அண்ணே, கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. சரிபண்ண ஒரு வாரம் ஆவும்."

திரையில் அக்காவின் பாஸ்போர்ட் முகம் பளபளவென்று தெரிந்தது. "நல்லாத்தானே ஓடுது!" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அக்கா தொடையில் கிள்ளினாள். அன்று முகூர்த்த நாள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் கல்யாணங்களுக்குப் போயிருந்தார்கள். நைனா பஸ் ஸ்டாண்டு வரை அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தார். கண் ஒட்டுவதைப் பார்க்க முடியாமல் போன ஆத்திரத்தில் நானும் சேர்ந்து திட்டினேன். அக்கா மட்டும் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தாள்.

அந்த வாரத்துக்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். நைனா இரண்டு நாள் தரகர் வீட்டுக்கு அலைந்து பார்த்தார். மூன்றாம் நாள், "எங்கடி அந்த ஃபாரம்?" என்று கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டார்.

அதில் ஒட்டப் புதுப் படம் வேண்டியிருந்தது. அதே ஸ்டுடியோ, அதே முக்காலி. ஒரே ஒரு பளிச்சுதான். அக்காவின் கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

ஒரு வாரத்தில் இந்த ஆளுக்கு எப்படியோ போட்டோ எடுக்கத் தெரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.